மஞ்சப்பேரியில் பன்னிரண்டு இடங்கள்

ஜனவரி 11, ஞாயிறு

சிவகாமிக்கு என் ஞாயிற்றுக்கிழமைகள் மேல் நெடுநாள் கோபம். "ஆறு நாளும் கார்ல உக்காந்து ஊராரை ஏசுதிய. ஏழாவது நாளு வீட்ல உக்காந்து என்னைய ஏசுதிய. எங்கயாவது போய்ட்டு வாங்க" என்றாள். போனேன். குளம் பார்க்கப் போனேன்.

அழைத்தவர் டாக்டர் ரஹ்மத் நிஷா. ஊசி போடும் டாக்டர் இல்லை, நீர்த்தாவரங்களைப் படித்தவர். இரண்டு வருடத்துக்கு முன் என் டிரைவிங் ஸ்கூலில் கார் கற்றுக்கொண்டார். ரிவர்ஸ் எடுக்கச் சொன்னால் பின்னால் இருப்பதை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பதை இடிப்பார். அதே அம்மாள் இன்று தட்டான்குளத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று பேசினார். தன்னார்வலராக வந்திருந்த இருபது பேரும் வாயைத் திறக்கவில்லை, நான் உட்பட.

குளம் முழுக்க ஒரு செடி மூடிக் கிடக்கிறது. சால்வீனியா என்று பெயர். தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. யாரோ மீன்தொட்டி அழகுக்கு வளர்த்து, அலுத்துப் போய்க் குளத்தில் கொட்டியிருக்கலாம் என்கிறார். வாரத்துக்கு வாரம் இரண்டு மடங்காகுமாம். கீழே வெளிச்சம் போகாது, காற்று போகாது, மீன் மூச்சு முட்டிச் சாகும். இலையின் மேல் மயிர் அடர்ந்திருப்பதால் எங்கள் குழுவில் அதற்குக் 'கம்பளி' என்று பெயர் வைத்துவிட்டோம்.

ஆறு கிலோமீட்டர் தள்ளி மஞ்சப்பேரி. அங்கே இன்னும் வரவில்லை. வந்துவிடாமல் பார்ப்பதுதான் எங்கள் வேலை. இரண்டிரண்டு பேராகப் போகவேண்டும். எனக்கும் என் ஜோடிக்கும் புதன் காலை தட்டான்குளம், ஞாயிறு மஞ்சப்பேரி. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. ஒவ்வொரு குளத்திலும் பன்னிரண்டு இடத்தில் கைவலையை விட்டு அலசி, வந்ததை எண்ணித் தாளில் எழுதி, இருவரும் கையெழுத்திட வேண்டும்.

ஒரே ஒரு விதியை டாக்டர் மூன்று தடவை சொன்னார். தட்டான்குளத்தில் நனைந்த வலையை அரை மணி நேரம் உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, இரண்டு நாள் வெயிலில் காயவைத்த பிறகுதான் மஞ்சப்பேரித் தண்ணீரில் போடவேண்டும். "நகக்கண் அளவு துண்டு ஒட்டியிருந்தாப் போதும் மாஸ்டர்" என்றார், என்னை மட்டும் பார்த்து. எனக்கு எதற்கு மூன்று தடவை?

ஜனவரி 25, ஞாயிறு

என் ஜோடி ஜெபக்கனி, ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ். தடுப்பூசி போடுகிறவர் என்பது அவர் வலை அலசுவதிலேயே தெரிகிறது. நான் ஒரு இடத்தில் மூன்று முறை வலையை விட்டால் போதும் என்பேன். அவர் பத்து. ஒவ்வொரு முறையும் வலையைத் திருப்பி, விரலால் நீவி, கண்ணாடியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். பன்னிரண்டு இடம் முடிக்க நான்கு மணி நேரம். எனக்குப் பசி கண்ணை அடைத்துவிட்டது.

"குழந்தைக்கு ஊசி போட்டுட்டு, போட்டமா இல்லையான்னு சந்தேகம் வந்தா என்ன செய்வ?" என்று கேலி செய்தேன்.

"சந்தேகமே வராது அண்ணாச்சி. அதுக்குத்தான் இப்பிடிப் பாக்கேன்" என்றார்.

மஞ்சப்பேரி அழகு. சிறிய குளம் இல்லை, மூன்று மடை. கீழே அறுபது ஏக்கர் நெல். மூன்றாம் மடைப் பக்கம் சம்புக் கோரை ஆள் உயரத்துக்கு அடர்ந்து கிடக்கிறது. மீன் குத்தகை சுடலைக்கண்ணு என்பவருக்கு. அறுபது வயதிருக்கும். நாங்கள் வலை போடும் இடத்துக்கெல்லாம் தன் தோணியில் கூட்டிப் போனார். காசு கொடுத்தால் வாங்கவில்லை. "கொளம் நல்லா இருந்தாத்தான எனக்குக் கஞ்சி" என்றார்.

கம்பளி: இல்லை.

பிப்ரவரி 4, புதன்

ஒன்பது பேருக்கு லைசென்ஸ் டெஸ்ட். தட்டான்குளம் போகமுடியவில்லை. ஏழு பேர் பாஸ்.

பிப்ரவரி 7, சனி

ஜெபக்கனி நாளை வரமாட்டார். போலியோ சொட்டு மருந்து முகாம். எனக்கும் நாளை மதியம் சிவகாமியின் சித்தப்பா பேத்திக்கு நிச்சயதார்த்தம். தட்டான்குளம் வேறு பாக்கி.

பிப்ரவரி 8, ஞாயிறு

இரண்டு குளத்தையும் ஒரே நாளில் முடித்துவிட்டேன். மஞ்சப்பேரிக்குப் போகும் வழியில்தான் தட்டான்குளம். இரண்டு நடையை ஒரே நடையாக்கினால் பெட்ரோல் மிச்சம். இருபத்தாறு வருடம் வண்டி ஓட்டியவனுக்கு இது கூடத் தெரியாதா?

காலை ஆறரைக்குத் தட்டான்குளம். பத்தரைக்கு முடிந்தது. வலையை உப்புத் தண்ணீரில் முக்கினேன். காரின் மேல் விரித்துக் கட்டினேன். நம்மூர் வெயிலுக்கு மாசி என்ன, தை என்ன. காற்றும் சேர்ந்துகொண்டது. காய்ந்துவிட்டது. காய்ந்த மாதிரிதான் இருந்தது.

பதினொன்றேகாலுக்கு மஞ்சப்பேரி. கரையில் சுடலைக்கண்ணு வலை பின்னிக்கொண்டிருந்தார். கையைத் தூக்கினேன். அவரும் தூக்கினார். தோணி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பன்னிரண்டு இடம். கம்பளி: இல்லை.

பன்னிரண்டரைக்கு மண்டபத்தில் இருந்தேன். முதல் பந்தி. சொதி பிரமாதம். "இவ்வளவு சீக்கிரமாவா?" என்றாள் சிவகாமி.

பிப்ரவரி 9, திங்கள்

சுகாதார நிலையத்துக்குப் போய் ஜெபக்கனியிடம் தாளை நீட்டினேன். வரிசையில் முப்பது பேர் நின்றார்கள். "நான் வரலியே அண்ணாச்சி" என்றார். ரெண்டு கையெழுத்து இல்லாவிட்டால் தாள் செல்லாது என்றேன். "நீங்க பாத்தாச் சரி" என்று போட்டுக்கொடுத்தார்.

பிப்ரவரி 18, புதன்

தட்டான்குளம். ஜெபக்கனியும் நானும். இன்று வலையை அவர் வீட்டுக்கு எடுத்துப்போய்விட்டார், மொட்டை மாடியில் நல்ல வெயிலாம். இந்த ஞாயிறு மகளைக் கட்டிக்கொடுத்த ஊரில் கோயில் கொடை விழா. மஞ்சப்பேரி ஒரு வாரம் தள்ளிப்போகிறது. டாக்டர் சரி என்றுவிட்டார்.

மார்ச் 1, ஞாயிறு

மஞ்சப்பேரியில் கம்பளி.

மூன்றாம் மடைப் பக்கம், சம்புக்குள். நான் முதலில் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் சொல்லாமல் வலையை வேறு பக்கம் விட்டேன். ஜெபக்கனி கண்ணுக்குத் தப்புமா? எண்ணினார். நூற்றுப் பதினான்கு துண்டு. எண்ணி முடித்துக் கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"போன தடவை இல்லையே அண்ணாச்சி. இல்லைன்னுதான எழுதினோம்?"

"ஆமா" என்றேன்.

வெயில் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மார்ச் 3, செவ்வாய்

பாசன சங்கக் கூட்டம். டாக்டரும் நாங்களும் போனோம். கம்பளி எப்படி வந்தது என்று ஆளாளுக்குப் பேச்சு. பறவை காலில், லாரி டயரில், வாய்க்கால் தண்ணீரில். கடைசியில் தலைவர் ஆவுடையப்பன் சுடலைக்கண்ணு பக்கம் திரும்பினார். சுடலைக்கண்ணுவின் மச்சினன் தட்டான்குளத்தில் மீன் பிடித்தவர்.

"ஒம்ம மச்சினன் வலையத்தான வே வாங்கிட்டு வந்து போட்டீரு?"

"அந்த வலைய நான் தொட்டதுகூடக் கெடையாது. நான் பாத்ததைச் சொல்லுதேன். ரெண்டு மூணு வாரத்துக்கு முந்தி, ஒரு ஞாயித்துக்கெழம..."

தலைவர் பேசவிடவில்லை. எங்கள் தாளை எடுத்து உரக்கப் படித்தார். பிப்ரவரி எட்டு. பன்னிரண்டு இடம். வலை இரண்டு நாள் காய்ந்ததா: ஆம். இரண்டு கையெழுத்து. "இவியள்லாம் படிச்சவிய. எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காவ. ஒம்ம பேச்சுக்கு என்ன இருக்கு?"

விசாரணை முடியும்வரை சுடலைக்கண்ணு குளத்தில் இறங்கக் கூடாது என்று முடிவாயிற்று. மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஜெபக்கனி என் காதில், "பாவம் அண்ணாச்சி. நம்ம தாளு சுத்தமா இருந்ததால நாம தப்பிச்சோம்" என்றார்.

மின்விசிறி என் தலைக்கு நேரே ஓடியும் சட்டை நனைந்துவிட்டது.

மார்ச் 4, புதன்

கிளட்ச் பிளேட் போய்விட்டது. மாற்றியாயிற்று. புதிதாகச் சேர்ந்த பெண் கண்ணாடியைப் பார்க்காமல் திருப்பினாள் என்று கத்திவிட்டேன். அழுதுவிட்டாள்.

மார்ச் 6, வெள்ளி

டாக்டர் போன் செய்தார். குரலே சரியில்லை. சுடலைக்கண்ணு தோணியில் குளம் முழுக்க வலை வீசுகிறவர். அவர் மூலம் வந்திருந்தால் எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறதோ தெரியாது. கையால் எடுத்து மாளாது. மடையில் சல்லடை கட்டி, தண்ணீரை வெளியேற்றி, குளத்தையே காயப்போட்டால்தான் உண்டு. ஞாயிறு கூட்டத்தில் அதைத்தான் சொல்லப்போகிறாராம்.

"நெல்லு பால் பிடிக்கிற நேரம் மாஸ்டர். அறுபது ஏக்கர். மீனும் போச்சு. ஆனா விட்டா அடுத்த வருஷம் இன்னொரு தட்டான்குளம்."

நான் உம் கொட்டினேன்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு மீன் கடையில் சுடலைக்கண்ணு ஐஸ் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தார். குத்தகைக்காரர், கூலிக்குப் பெட்டி தூக்குகிறார். என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார். நான் பார்க்காத மாதிரி வண்டியை எடுத்துவிட்டேன்.

இதுவரை எழுதியதைப் புரட்டிப் பார்த்தேன். இந்த நோட்டில்கூட நான் பூசி மெழுகியிருக்கிறேன். எவன் படிக்கப்போகிறான் என்று எழுதினேன்?

மார்ச் 7, சனி

டாக்டரின் ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை.

"வலை காயல மேடம். முக்கால் மணி நேரம்தான் கார் மேல கெடந்துது. உப்புத் தண்ணியில ஒரு முக்கு முக்கி எடுத்தேன், அவ்வளவுதான். நான்தான் கொண்டு வந்தது. சுடலைக்கண்ணு இல்ல."

ஏசுவார் என்று நினைத்தேன். நானாக இருந்தால் ஏசியிருப்பேன். அவர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்துப் பேனாவைத் திறந்தார்.

"எத்தனை மணிக்கு வலையைப் போட்டீங்க?"

"பதினொன்னே கால், பதினொன்னரைக்குள்ள."

எழுதினார். பிறகு பேனாவை வைத்துவிட்டார். "பன்னிரண்டு இடத்துலயும் ஈர வலையைப் போட்டிருக்கீங்க மாஸ்டர். அப்ப பன்னிரண்டு இடத்துலயும் துண்டு விழுந்திருக்கும். குளத்தை வடிக்கிறதைத் தவிர வழி இல்லை. ஆனா சுடலைக்கண்ணுவுக்காக வந்து சொன்னீங்களே, அது பெருசு."

ஈர வலையைச் சொல்ல ஒரு வாரம் ஆயிற்று. அடுத்ததைச் சொல்ல அதைவிடக் கூசியது. ஈர வலை அவசரம். இது பொய்.

"பன்னிரண்டு இடம் இல்ல மேடம்."

"எத்தனை?"

"ஒன்னு. மூணாம் மடையில மட்டும். அங்கதான் கார் நிக்க நிழல் இருந்துது. மத்த பதினொன்னையும் வண்டிக்குள்ள உக்காந்து நானா எழுதினேன். பந்திக்கு நேரமாச்சு."

டாக்டர் எழுந்துவிட்டார். நாற்காலி பின்னால் சரிந்து விழுந்தது. எடுக்கவில்லை. "ஒரே இடமா? நிச்சயமா? தோணியில ஏறலையே? கரையில நடந்து வேற எங்கயும் வலையை அலசலையே?"

"சத்தியமா ஒரே இடம்."

"மாஸ்டர், சம்பு இருக்கிற இடம் அது. துண்டு வெளிய மிதந்து போகாம சம்பு பிடிச்சு வச்சிருக்கும். இருபத்தேழு நாள்தான் ஆகுது. சுத்தி வலை கட்டிட்டா கையாலயே எடுத்துரலாம். தண்ணியைத் திறக்கவே வேண்டாம்!" கண்ணெல்லாம் மின்னியது. பரீட்சையில் பாஸான குழந்தை மாதிரி குதித்தார். நான் செய்த அசிங்கத்தைக் கேட்டு ஒரு மனுஷி இப்படிச் சந்தோஷப்பட முடியும் என்று எனக்குத் தெரியாது.

பிறகு உட்கார்ந்து அறிக்கையை எழுதினார். 'தன்னார்வலரின் வலை மூலம்' என்று அவர் எழுதுவதைப் பார்த்தேன். இதனால் மேலிடத்தில் திட்டத்தையே நிறுத்திவிட மாட்டார்களா என்று கேட்டேன். "நிறுத்தலாம். அதுக்காக வேற எழுத முடியுமா? ரெண்டு குளத்துக்கு ஒரே வலை குடுத்தது நான். அதையும் எழுதுறேன்" என்றார். எழுதினார்.

இந்த அம்மாளுக்கு ரிவர்ஸ் வரவில்லை என்று எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

மார்ச் 8, ஞாயிறு

கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். இரண்டையும் சொன்னேன். அங்கே என்னிடம் கார் கற்றவர்கள் மட்டும் பதினோரு பேர் இருந்தார்கள்.

நான் உட்காரும் முன் ஜெபக்கனி எழுந்தார். அவரிடம் காலையிலேயே சொல்லியிருந்தேன், உன் பேரை இழுக்கமாட்டேன் என்றும் சொல்லியிருந்தேன். "அந்தத் தாள்ல ரெண்டாவது கையெழுத்து என்னது. நான் அன்னைக்குக் கொளத்துக்கே வரல. பாக்காமப் போட்டேன். என்மேலயும் தப்பு இருக்கு" என்றார். முழுதாகச் சொன்னார். நான் ஒரு வாரம் மென்று முழுங்கியதை அவர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டார்.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, சுடலைக்கண்ணு குளத்தில் இறங்கத் தடையில்லை என்றார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. சுடலைக்கண்ணு கடைசி பெஞ்சிலிருந்து எழுந்தார். என் பக்கம் திரும்பவில்லை. டாக்டரிடம், "எத்தனை மூங்கில் வேணும்?" என்று கேட்டார்.

மார்ச் 10, செவ்வாய்

மூங்கில் ஊன்றி, கொசுவலையை அடிமண்வரை இறக்கிக் கட்டி, மூன்றாம் மடையை வளைத்தாயிற்று. நாற்பது பேர். வகுப்புகளை ரத்து செய்துவிட்டேன். சம்பை வேரோடு அறுத்து, ஒவ்வொரு தட்டையாக நீவி, துண்டு துண்டாக எடுக்கிறோம். இன்று 388.

மார்ச் 12, வியாழன்

காலில் அட்டை. 141. ஜெபக்கனி டூட்டி முடிந்து நேரே தண்ணீருக்குள் இறங்குகிறார்.

மார்ச் 14, சனி

9.

மார்ச் 15, ஞாயிறு

காலையிலிருந்து ஒரு துண்டும் இல்லை. மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபின் நானும் சுடலைக்கண்ணுவும்தான் தண்ணீரில். ஒரு வாரம் பக்கத்தில் நின்று வேலை செய்தும் அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நானே ஆரம்பித்தேன்.

"அண்ணாச்சி, அன்னைக்கு நீங்க கரையில இருந்திய."

"இருந்தேன்."

"வலை ஈரமா இருந்தது..."

"சொட்டுச்சு. பாத்தேன். ஒத்த எடத்துல வலையப் போட்டுட்டு, கார்ல உக்காந்து எழுதினதையும் பாத்தேன். தலைவருகிட்ட கூட்டத்துக்கு முந்தியே சொன்னேன். தாள்ல வேற மாதிரி இருக்குன்னுட்டாரு. கூட்டத்துலயும் வாயெடுத்தேன். நீங்க அங்கதான இருந்திய."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதேன்.

அவர் கையை நிறுத்தவில்லை. சம்பை நீவிக்கொண்டே சொன்னார். "நான் அம்பது வருசமா இந்தக் கொளத்தைப் பாக்கேன். எல்லாரும் தாளைப் பாத்தாவ. ஒருத்தரும் என்னையப் பாக்கல. அதுதான் அண்ணாச்சி எனக்குப் பொறுக்கல. பெட்டி தூக்குனது ஒன்னும் இல்ல."

மார்ச் 22, ஞாயிறு

டாக்டரிடம் ஒன்று கேட்டேன். ஒவ்வொரு குளத்துக்கும் தனி வலை வந்துவிட்டது, சரி. ஆனாலும் மஞ்சப்பேரியில் எந்த வலை இறங்குவதானாலும், அது காய்ந்ததா இல்லையா என்று எழுதவேண்டியவன் வலையைக் கொண்டுவருகிறவனாக இருக்கக்கூடாது. கரையில் இருப்பவர் தொட்டுப் பார்த்து எழுதவேண்டும். முதல் கையெழுத்து அவருடையது. டாக்டர் உடனே தாளை மாற்றி அச்சடித்துவிட்டார். திட்டமும் நிற்கவில்லை; மேலிடத்தில் இரண்டு பக்கம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள், எழுதிக்கொண்டிருக்கிறார்.

மூன்றாம் மடை: இல்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு

ஜெபக்கனிக்கு முகாம், நான் மட்டும் போனேன். வலையை மூன்று நாள் மாடியில் காயப்போட்டிருந்தேன். நேற்றுச் சாயங்காலம் தூறல் விழுந்தபோது ஓடிப்போய் எடுத்துவிட்டேன். மொடமொடவென்று இருந்தது.

சுடலைக்கண்ணு தோணியை விட்டு இறங்கிவந்தார். வலையை வாங்கி விரித்தார். ஒவ்வொரு கண்ணாக விரலை ஓட்டினார். இவரிடம் ஜெபக்கனி தோற்றார். பிறகு வளையத்தில் வலையைக் கட்டிய கயிற்றுக்கு வந்தார். ஒரு முடிச்சைப் பிடித்து நசுக்கினார். தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

"முடிச்சுல ஈரம் இருக்கு அண்ணாச்சி."

"நேத்து ரெண்டு தூறல் பட்டுது. கொளத்துத் தண்ணி இல்ல, மழைத் தண்ணிதான். ஒன்னும் செய்யாது."

"எனக்கு எப்பிடித் தெரியும்? ஈரம்னா ஈரம். நாளைக்கு வாங்க."

பதினான்கு கிலோமீட்டர் வந்திருக்கிறேன். ஏச்சு வாய்வரை வந்தது. தாளை நீட்டினேன். 'வலை காய்ந்ததா: இல்லை' என்று நிதானமாக எழுதி, கீழே முழுப்பெயரையும் போட்டு, என்னிடம் கொடுத்தார். அதற்குக் கீழே நான் கையெழுத்துப் போட்டேன். வலையைக் காரில் போட்டுக்கொண்டு திரும்பினேன்.

"என்ன அதுக்குள்ள வந்துட்டிய?" என்றாள் சிவகாமி.

"சுடலைக்கண்ணு திருப்பி அனுப்பிட்டாரு" என்றேன். சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருந்தது.